அடி வாங்கும் முகம்: ‘கிராஷ்’ படத்தின் நடிப்பை எப்படி எடை போடுவது?

2006 மார்ச் 5ஆம் தேதி இரவு, ஆஸ்கர் மேடையில் ஜாக் நிக்கல்சன் கடைசி உறையைப் பிரித்து ‘கிராஷ்’ என்று அறிவித்தார். ‘புரோக்பேக் மவுன்டன்’ வெல்லும் என்று பலரும் எண்ணியிருந்த இரவு அது. அன்று மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. 2005ஆம் ஆண்டின் மிகச் சிறந்த படம் இதுவே என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கொண்டாடினார். அந்தப் பத்தாண்டின் மிக மோசமான படம் என்று எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் எழுதினார். அந்த ஆண்டின் சிறந்த படம் அது என்று தனக்கே தோன்றவில்லை என இயக்குநர் பால் ஹாகிஸ் பின்னாளில் சொன்னார்.

படம் தகுதியானதா, தகுதியற்றதா என்ற இந்தச் சண்டையில் இன்னொரு கேள்வி கவனிப்பாரற்றுப் போயிற்று. நிறவெறியைப் பற்றிய ஒரு படத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் முக்கியப் பாத்திரங்களில் நடிக்கிறார்கள். அவர்களில் யார் நன்றாக நடித்தார்கள் என்பதை எதை வைத்துச் சொல்வது? ஆஸ்கர் வாக்காளர்கள் ஒரே ஒருவரைத்தான் பரிந்துரைத்தார்கள்: நிறவெறி பிடித்த காவலராக நடித்த மேட் டில்லன். அந்தத் தேர்வு தவறு என்பது என் முடிவு. டில்லன் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் அடிப்பவரைப் பார்த்த வாக்காளர்கள் அடி வாங்கியவர்களைப் பார்க்கத் தவறினார்கள். இந்தப் படத்தைத் தாங்கி நிற்பது அடி வாங்கியவர்களின் நடிப்பு.

முதலில் பதிவுகள். ‘கிராஷ்’ ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்று, சிறந்த படம், அசல் திரைக்கதை, படத்தொகுப்பு ஆகிய மூன்றை வென்றது. துணை நடிகர் விருதை டில்லனுக்குத் தராமல் ‘சிரியானா’ படத்துக்காக ஜார்ஜ் குளூனிக்குத் தந்தார்கள். பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுகளில் தாண்டிவே நியூட்டன் துணை நடிகை விருதை வென்றார். டான் சீடிலும் டில்லனும் துணை நடிகர் பிரிவில் போட்டியிட்டார்கள். நியூட்டனின் பெயர் ஆஸ்கர் பட்டியலில் வரவே இல்லை. அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் சீடில், டில்லன் இருவரையும் பரிந்துரைத்தது, இருவருமே வெல்லவில்லை. ஆனால் முழு நடிகர் குழுவுக்கான விருதைச் சங்கம் இந்தப் படத்துக்கே கொடுத்தது. ஆஸ்கரில் அப்படியொரு பிரிவு கிடையாது. சங்க உறுப்பினர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் படத்தை வெளியிட்ட லயன்ஸ்கேட் நிறுவனம் டிவிடி அனுப்பியதுதான் காரணம் என்று அப்போது பலர் குறை சொன்னார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒரு நடிகரின் கண்ணிமைகூட முக்கியமாகும் படம் இது. அதை வீட்டில் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி பார்ப்பது நல்ல விஷயம்தான்.

இனி, நடிகர்கள் கையில் கொடுக்கப்பட்டது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸை ஒட்டிய ஒன்றரை நாளில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடக்கும் கதை. 112 நிமிடப் படம். பன்னிரண்டு பேருக்குப் பங்கு வைத்தால் ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது. அந்தப் பத்து நிமிடத்திலும் ஹாகிஸும் பாபி மொரெஸ்கோவும் எழுதிய திரைக்கதை ஒவ்வொருவருக்கும் ஒரே அளவெடுத்த உடையைத்தான் தைத்திருக்கிறது: ஒரு காட்சியில் அவருடைய இழிவு, இன்னொரு காட்சியில் அவருடைய மேன்மை. பெண்ணின் உடலில் கைவைத்த காவலர் மறுநாள் அவளையே தீயிலிருந்து காப்பாற்றுகிறார். நிறவெறியைக் கண்டு கூசிய இளம் காவலர் ஒரு கறுப்பின இளைஞனைச் சுட்டுக் கொல்கிறார். கார் திருடுபவன் கடத்தப்பட்டவர்களை விடுவிக்கிறான். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே மனிதனுக்குள் என்ன நடந்தது என்பதைத் திரைக்கதை பெரும்பாலும் எழுதவில்லை. நிறவெறியைத் தனிமனிதர்களின் கோபமாகவும் கெட்ட பழக்கமாகவும் சுருக்கிவிட்டது என்று இந்தப் படத்தின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு நியாயமானது. அந்தக் குறையின் பாரம் நேராக நடிகர்கள் தலையில்தான் இறங்குகிறது. எழுதப்படாத அந்த நடுப்பகுதியை யார் தன் முகத்தால் எழுதினார் என்பதே என் அளவுகோல். வசனம் இல்லாத இடங்களில்தான் அதைப் பார்க்க முடியும்: பிறர் பேசும்போது, பிறர் கத்தும்போது, பிறர் அவமதிக்கும்போது.

காவலர் காரை நிறுத்தும் காட்சி

ஒரு விழாவிலிருந்து தம்பதியர் வீடு திரும்புகிறார்கள். டெரன்ஸ் ஹோவர்ட் தொலைக்காட்சி இயக்குநர். நியூட்டன் அவருடைய மனைவி. இருவரும் கறுப்பினத்தவர், வசதியானவர்கள். திருடுபோன கார் ஒன்றைப் போன்ற வண்டியில் வருகிறார்கள். ஆனால் அது அந்த வண்டி இல்லை என்பது டில்லனுக்குத் தெரியும். தெரிந்தே நிறுத்துகிறார். மனைவி சற்றுக் குடித்திருக்கிறார், வாய்விட்டுப் பேசுகிறார். சோதனை என்ற பெயரில் டில்லனின் கை அவருடைய கால்கள் மீது ஊர்கிறது. கணவர் இரண்டடி தூரத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு அந்தக் கணவர் மன்னிப்புக் கேட்டு, எச்சரித்து விட்டுவிடும்படி காவலரிடம் வேண்டுகிறார்.

1991இல் ராட்னி கிங்கைக் காவலர்கள் அடித்த காணொளியும், அந்தக் காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் 1992இல் வெடித்த கலவரமும் அந்த நகரத்தின் நினைவில் உள்ளவை. அந்த நினைவோடு இந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு, கணவர் ஏன் கையை ஓங்கவில்லை என்று விளக்கம் தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு மனிதனின் மனத்துக்குள் ஓடுவதை ஹோவர்ட் காட்ட வேண்டும். காட்டுகிறார். முதலில் அவர் முகத்தில் இருப்பது ஒரு பண்பட்ட மனிதரின் பொறுமை: ஏதோ தவறு நடந்திருக்கிறது, பேசினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. டில்லனின் கை நகர நகர அந்த நம்பிக்கை வடிகிறது. கண்கள் மனைவியைப் பார்க்கின்றன, பிறகு பார்க்க மறுக்கின்றன. மன்னிப்புக் கேட்கும்போது குரல் உடையவில்லை. அலுவலகத்தில் பேசும் அதே குரலில், அதே இலக்கண சுத்தத்தோடு கேட்கிறார். மனிதர் தன்னிடம் மிச்சமிருக்கும் ஒரே கவசமாக அந்தப் பேச்சு நாகரிகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் குரலில் தெரிகிறது. அழுதிருந்தால் காட்சி எளிதாகியிருக்கும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள்) எட்டு என்று வகுத்தபோது வெகுளியோடும் பெருமிதத்தோடும் இளிவரலையும், அதாவது அவமானத்தையும், சேர்த்தார். வெகுளியும் அழுகையும் பார்ப்பவர் கண்ணில் உடனே படுபவை. இளிவரலை நடிப்பது மிகக் கடினம், ஏனென்றால் அவமானப்பட்டவன் முதலில் செய்வது அதை மறைப்பதுதான். நடிகர் ஒன்றை உணரவும் வேண்டும், அதே கணத்தில் அதை ஒளிக்கவும் வேண்டும், ஒளிப்பது நமக்கு மட்டும் தெரியவும் வேண்டும். ஹோவர்ட் இந்த மூன்றையும் செய்கிறார். இதற்கு ஒரு பரிந்துரைகூட இல்லை என்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

மறுநாள் படப்பிடிப்புத் தளத்தில் நடக்கும் சிறு காட்சி இதைவிடவும் உயர்ந்தது. தயாரிப்பாளராக வரும் டோனி டான்சா, ஒரு கறுப்பின நடிகர் போதிய அளவு ‘கறுப்பாக’ப் பேசவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார். முதலில் ஹோவர்ட் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரிக்கிறார். டான்சா சிரிக்கவில்லை. ஏதாவது பிரச்சினையா என்று மென்மையாகக் கேட்கிறார். ஹோவர்ட்டின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, அதற்குப் பின்னால் இருந்த மனிதர் மட்டும் விலகிப் போகிறார். பிரச்சினை இல்லை என்கிறார். திரைக்கதை எழுதாமல் விட்ட நடுப்பகுதி இதுதான். பின்னால் அவர் கார் திருடர்களை எதிர்த்து, துப்பாக்கி ஏந்திய காவலர்கள் முன்னால் சாகத் துணிந்தவரைப் போல நிற்கும்போது அந்த வெடிப்பை நாம் நம்புவதற்கு இந்தச் சிரிப்பு காரணம்.

நியூட்டனுக்கு வாய்த்தது எதிர்மாறான வேலை. அவருடைய பாத்திரம் எதையும் மறைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரைக் குத்திக் கிழிக்கிறார். நீ கறுப்பன் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் அஞ்சினாய் என்ற பொருளில் சாடுகிறார். இந்த இடத்தில் அவர் சற்று அதிகமாகக் கத்துகிறார் என்பது என் எண்ணம். ஆனால் கவிழ்ந்த காரின் காட்சியில் அவர் செய்வது வேறு தரம். பெட்ரோல் கசிகிறது, இருக்கை வார் கழலவில்லை, காப்பாற்ற ஊர்ந்து வருபவர் முந்தைய இரவு தன்னைத் தொட்ட அதே காவலர். நீ வேண்டாம், வேறு யாராவது வாருங்கள் என்று அலறுகிறார். தீயைவிட அந்தக் கை அவருக்குப் பெரிய பயம். டில்லன் அவர் மடிமீது கை நீட்டி வாரை அறுக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அலறலிலிருந்து தலையசைப்புக்கு, பிறகு அந்த மனிதரையே பற்றிக்கொள்வதற்கு, சில நொடிகளில் அவர் வந்து சேர வேண்டும். அவர் மன்னித்துவிட்டார் என்று நடிக்கவில்லை என்பதே நியூட்டனின் சாதனை. உடல் பிழைக்க விரும்புகிறது, அதற்காகப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வெளியே வந்தபின் அழைத்துச் செல்லப்படும்போது திரும்பிப் பார்க்கிறாரே, அந்தப் பார்வையில் நன்றி இருக்கிறதா, வெறுப்பு இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பாஃப்டா வாக்காளர்கள் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

டில்லனுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். காவலரை அரக்கனாக நடிக்கும் சபலத்துக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. சோதனைக் காட்சியில் அவரிடம் இருப்பது சலிப்பு கலந்த அதிகாரம். வழக்கமான வேலையைச் செய்பவரின் அலட்சியம். அதனாலேயே அது கூசவைக்கிறது. நள்ளிரவில் நோயுற்ற தந்தையைக் கழிப்பறையில் தாங்கி நிற்கும் இடத்தில் அவர் குரலே மாறிவிடுகிறது. தீக் காட்சியில் சகாக்கள் காலைப் பிடித்து வெளியே இழுத்த பிறகும் மீண்டும் உள்ளே நுழையும்போது, வீரத்தைக் காட்டும் பாவனை எதுவும் இல்லை. நல்ல நடிப்புதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: கொடுமை செய்யும் காட்சி, தந்தைக்காகக் கலங்கும் காட்சி, மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் கெஞ்சியும் வைதும் நிற்கும் காட்சி, தீயிலிருந்து மீட்கும் காட்சி. படத்தில் வேறு யாருக்கும் இத்தனை படிகள் கொண்ட ஏணி தரப்படவில்லை. நடுப்பகுதி முழுமையாக எழுதப்பட்ட ஒரே பாத்திரம் இது. ஆஸ்கர் வாக்காளர்கள் நடிப்புக்குக் கொடுத்ததாக எண்ணிய வாக்கில் பாதியாவது எழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பூட்டுத் தொழிலாளி

இந்தப் படத்தின் மிகச் சிறந்த நடிப்பு மைக்கேல் பென்யாவுடையது. டேனியல் என்ற பூட்டுத் தொழிலாளியாக அவர் வருகிறார். மெக்ஸிகோ வழி வந்தவர் என்ற தோற்றம், மழித்த தலை, உடலில் பச்சை குத்திய அடையாளம். அவரைப் பார்த்ததும் அரசு வழக்கறிஞரின் மனைவியாக வரும் சாண்ட்ரா புல்லக், இவன் சாவியைத் தன் கூட்டாளிகளுக்கு விற்றுவிடுவான், காலையில் வேறு ஆள் வந்து மறுபடி பூட்டுகளை மாற்ற வேண்டும் என்று அவர் காதுபடக் கத்துகிறார். பென்யா வேலையை முடிக்கிறார், சாவிகளை அடுக்களை மேடையில் வைக்கிறார், போகிறார். சாவிகளை வைக்கும் விதத்தில் மட்டும் ஒரு கணம் கூடுதல் அழுத்தம். வசனம் இல்லை. தினமும் இதைக் கேட்டுப் பழகிய ஒருவர் இதற்குமேல் செலவழிக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்று முடிவு செய்திருப்பதை அந்த நடை சொல்கிறது.

அடுத்து ஈரானியக் கடைக்காரராக வரும் ஷான் டூப்பின் கடை. பூட்டில் பழுதில்லை, கதவை மாற்ற வேண்டும் என்று பென்யா சொல்கிறார். மொழித் தடையாலும் சந்தேகத்தாலும் கடைக்காரர் ஏமாற்றுக்காரன் என்று ஏசுகிறார். ரசீதைக் கசக்கிக் குப்பையில் எறிந்துவிட்டுப் பென்யா வெளியேறுகிறார். முதல் வீட்டில் விழுங்கிய கோபத்தின் துளி இங்கே வெளிப்படுகிறது. அவ்வளவுதான் அவர் அனுமதிக்கிறார். இன்னொரு காட்சியில் அவர் வீடு, கட்டிலுக்கு அடியில் பயந்து ஒளிந்திருக்கும் சிறு மகள். தேவதை தனக்குத் தந்த, கண்ணுக்குத் தெரியாத, குண்டு துளைக்காத மேலங்கியின் கதையைச் சொல்லி, அதைத் தன் கழுத்திலிருந்து அவிழ்த்து மகளின் கழுத்தில் கட்டுகிறார். கொஞ்சம் பிசகினால் சர்க்கரையாகிவிடும் காட்சி. பென்யா அதைக் கதை சொல்லும் தந்தையின் நிதானத்தோடு நடத்துகிறார். மகள் நம்புகிறாளா என்று இடையிடையே அவள் முகத்தைச் சரிபார்க்கிறார். நாள் முழுக்க யாருமே அவரை நம்பவில்லை. இந்த ஒரு குழந்தையின் நம்பிக்கை அவருக்கு எவ்வளவு பெரிது என்பது அந்தச் சரிபார்ப்பில் இருக்கிறது.

கடை சூறையாடப்பட்டு, காப்பீடும் மறுக்கப்பட்ட பின், அந்தக் கசங்கிய ரசீதைத் தேடி எடுத்து, துப்பாக்கியோடு கடைக்காரர் வருகிறார். மகள் தந்தையைக் காக்க ஓடிவந்து பாய்கிறாள். துப்பாக்கி வெடிக்கிறது. தோட்டா வெற்றுத் தோட்டா என்பது நமக்கு அப்போது தெரியாது. இந்த இடத்தில் ஹாகிஸ் ஒலியைக் குறைத்து மார்க் ஐஷமின் இசையை மேலே ஏற்றுகிறார். பென்யாவின் வாய் திறந்திருக்கிறது, அலறல் கேட்கவில்லை. இசையால் உணர்ச்சியைத் திணிக்கிறார் என்று இயக்குநரைக் குறை சொல்ல இடமுண்டு. ஆனால் ஒலி பறிக்கப்பட்ட நிலையிலும் அந்த முகம் இசையைவிட முன்னால் நிற்கிறது. ஷான் டூப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதுவரை கத்தலும் படபடப்புமாகக் கேலிச்சித்திரத்தின் விளிம்பில் நின்ற பாத்திரம் அது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உணரும்போது அவர் உடல் கொள்ளும் தளர்ச்சி அந்த மனிதரை நமக்கு முழுமையாக மீட்டுத் தருகிறது.

நம் பத்திரிகை விமர்சனங்களில் ‘நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்’ என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் உண்டு. பென்யா வாழ்ந்துவிடவில்லை, எங்கே எவ்வளவு காட்டுவது என்று மிகக் கவனமாகத் தேர்ந்திருக்கிறார். பாராட்ட வேண்டியது அந்தத் தேர்வை.

சாண்ட்ரா புல்லக்கின் பங்கு சிறியது. ரசிகர்கள் விரும்பிய நட்சத்திரம் ஒருவர் இவ்வளவு வெறுக்கத்தக்க பெண்ணாக வந்ததே துணிச்சல்தான். எந்நேரமும் கோபமாகவே இருக்கிறேன், ஏனென்று தெரியவில்லை என்று தொலைபேசியில் சொல்லும் இடத்தில் உண்மை இருக்கிறது. படிக்கட்டில் விழுந்தபின் பணிப்பெண்ணைக் கட்டிக்கொண்டு, நீதான் என் உற்ற தோழி என்று சொல்லும் காட்சியை என்னால் ஏற்க முடியவில்லை. புல்லக் அதை முழு நேர்மையோடு நடிக்கிறார், அதுதான் சிக்கல். அந்த அணைப்பிலும் அதிகாரம் இருக்கிறது என்பதை அவர் காணவில்லை. பணிப்பெண்ணின் முகத்துக்குப் படமும் இடம் தரவில்லை.

துப்பறியும் காவலராக வரும் டான் சீடில் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். இந்த நகரத்தில் யாரும் யாரையும் தொடுவதில்லை, எதையாவது உணர்வதற்காகவே மோதிக்கொள்கிறோம் என்ற தொடக்க வசனத்தை எந்த நடிகராலும் மனிதர் பேசும் பேச்சாக ஆக்க முடியாது; அவராலும் முடியவில்லை. ஆனால் முடிவுப் பகுதியில், தம்பி இறந்ததற்கு நீயே காரணம் என்று தாய் குற்றம் சாட்டுகிறார். வீட்டுக்கு மளிகை வாங்கி வைத்தது இறந்துபோன தம்பிதான் என்று நம்பி, அதை ஆறுதலாகச் சொல்கிறார். வாங்கி வைத்தது நான் என்று சீடில் சொல்லவில்லை. அந்த விழுங்கலுக்காகவே அவர் என் பட்டியலில் மேலே வருகிறார். தாயாக வரும் பெவர்லி டாட் சில நிமிடங்களே வந்தாலும் அந்தக் காட்சியில் அவருக்குச் சமமாக நிற்கிறார்.

டில்லனின் கூட்டாளியான அந்த இளம் காவலராக வரும் ரையன் ஃபிலிப்பியைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. நல்லவன் என்று தன்னைப் பற்றி எண்ணியிருக்கும் வெள்ளை இளைஞனின் பாத்திரம் அவருக்கு. சீடிலின் தம்பியாக வரும் லாரென்ஸ் டேட்டைக் காரில் ஏற்றிக்கொள்கிறார். தன் கையில் இருப்பதைப் போன்ற சிறு சிலை கார் முகப்பிலும் இருப்பதைக் கண்டு டேட் சிரிக்கிறார். தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக ஃபிலிப்பி எண்ணுகிறார். அவருடைய முகத்தில் அச்சம் வருவதற்கு முன்னால் ரோஷம் வருகிறது. நல்லது செய்பவனைப் பார்த்துச் சிரிப்பதா என்ற ரோஷம். இந்த வரிசை முக்கியமானது. அதுதான் கொலையை விபத்தாகச் சுருங்கவிடாமல் தடுக்கிறது. டேட்டின் சிரிப்பில் கள்ளமே இல்லாததால் அந்த நொடி தாங்க முடியாததாகிறது.

அடிப்பவரைப் பார்க்கும் கண் இந்த ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1989இல் வந்த ஸ்பைக் லீயின் ‘டூ த ரைட் திங்’ படத்தில் ஓஸி டேவிஸ், ரூபி டீ, பில் நன், ஜான்கார்லோ எஸ்போசிட்டோ, ஜான் டர்டூரோ என்று அருமையான நடிகர் கூட்டம். அதிலும் நடிப்புக்கு ஒரே ஆஸ்கர் பரிந்துரைதான் வந்தது. அது வெள்ளைக்கார பீட்சா கடை உரிமையாளராக நடித்த டேனி அயெல்லோவுக்குப் போயிற்று. இதை நிறத்தின் கணக்காக மட்டும் சுருக்கினால் பொய்யாகிவிடும். அந்த ஆண்டின் துணை நடிகர் விருதை வென்றவர் டென்ஸல் வாஷிங்டன். ‘கிராஷ்’ வந்த ஆண்டிலேயே ‘ஹஸில் அண்டு ஃப்ளோ’ படத்துக்காக டெரன்ஸ் ஹோவர்ட் சிறந்த நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். வாக்காளர்கள் அவரைக் கண்டுகொள்ளாமல் இல்லை. கதையை நகர்த்தும் பாத்திரத்தில் இருந்தபோது கண்டுகொண்டார்கள். நகர முடியாமல் நிறுத்தி வைக்கப்பட்ட மனிதனாக நின்றபோது காணவில்லை. நிறவெறியைப் பற்றிய படத்தில் இந்தப் பார்வைக் குறை கூடுதல் அநியாயமாகிறது, ஏனென்றால் அங்கே நகரவிடாமல் நிறுத்தப்படுவதுதான் கதையே.

என் கையில் வாக்குச்சீட்டு இருந்திருந்தால் பென்யா முதலிடம், ஹோவர்ட் இரண்டாமிடம், நியூட்டன் மூன்றாமிடம். டில்லனையும் சீடிலையும் அடுத்த நிலையில் ஒன்றாக வைப்பேன். கார் திருடனாக வரும் லூடாக்ரிஸ் வாய்ப்பேச்சில் வெளுத்து வாங்குகிறார், கேட்கும்போது காணாமல் போகிறார். அரசு வழக்கறிஞராக வரும் பிரெண்டன் ஃபிரேசருக்கும் சீடிலின் சக காவலராக வரும் ஜெனிஃபர் எஸ்போசிட்டோவுக்கும் செய்வதற்குப் படம் எதையும் தரவில்லை.

ஆனால் இந்த வரிசை எதிலும் அடங்காத ஒருவர் இருக்கிறார்: காப்பீட்டு அலுவலகத்தில் டில்லனுக்கு எதிரே அமரும் லொரெட்டா டிவைன். டில்லன் அவருடைய இனத்தை இழித்து, தகுதியுள்ள வெள்ளையரின் வேலையில் அவர் உட்கார்ந்திருப்பதாக ஏசுகிறார். பேச்சின் நடுவில் தன் தந்தையின் கதையையும் சொல்கிறார். டிவைனின் முகத்தில் அந்தக் கதை ஒரு கணம் உள்ளே போகிறது. உங்கள் தந்தை நல்ல மனிதராகத் தெரிகிறார், அவர் வந்திருந்தால் உதவியிருப்பேன், உங்களுக்காக முடியாது என்ற பொருளில் பதில் சொல்கிறார். வெளியே அனுப்பச் சொல்கிறார். இரக்கமும் மறுப்பும் அந்த ஒரே முகத்தில் அடுத்தடுத்து வருகின்றன, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. அந்தக் காட்சியில் டில்லன் பெறும் கனத்தில் பாதி டிவைன் கொடுத்தது. நடிகர் சங்கம் முழுக் குழுவுக்கு விருது கொடுத்தபோது சரியான அலகைத் தேர்ந்தெடுத்தது என்று நான் சொல்வது இப்படிப்பட்டவர்களை நினைத்துத்தான். டில்லனுக்கு வந்த பரிந்துரையில் டிவைனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.